பீர் ஆலையில் தொழில் படித்த அத்தானுக்கு

என் பிரியமான அத்தான்,

நீங்க போய் ஒரு வருஷம் ஆகப்போகுது. இதுக்கிடையில நடந்த பெரிய காரியம், நாம இருந்த இடத்திலேயே இருக்க, ராஜ்ஜியம் மாறிப்போச்சு. மலையாள ராஜ்ஜியத்தில இருந்த நம்ம புதுக்கடை இப்போ மெட்ராஸ் ராஜ்ஜியத்தில. ஆபீஸ் கடலாசு, காகிதமெல்லாம் இனிமே தமிழில் வருமாம். நம்ம மக லில்லி பள்ளிக்கூடம் போறா. எதை வாயில வச்சாலும் முதல்ல மோந்து பாக்கா. அது யாருகிட்ட இருந்து வந்த பழக்கம்னு நான் சொல்ல வேண்டியதில்லையே?

உங்க நினைவா ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்கன்னு வாலிபர் சங்கத்துப் பையன்மார் கேட்டாங்க. சபைப் பத்திரிகையில போடுவாங்களாம். ‘நல்ல கிறிஸ்தவர், நல்ல உழைப்பாளி’ன்னு எழுதினா போதும்னாங்க. எனக்கு அது போதல்ல. அதனால உங்களுக்கே எழுதுதேன். படிக்கிறவங்க படிக்கட்டும்.

நாடு விடுதலையான வருஷம் நீங்க இலங்கையில இருந்து லீவுல வந்தீங்க. சின்னதில பார்த்த அத்தை மகன்தானே என்று நான் பெரிசா நினைக்கவில்லை. பெண் கேட்டு அத்தை வந்தாச்சு, அப்பா சரி சொல்லியாச்சு. அன்றைக்கு நீங்கதான், ஞானத்துக்கிட்ட ஒரு வார்த்தை பேசணும் என்று கேட்டீங்க. கிணற்றடியில் நாம் இரண்டு பேரும் நிற்க, அடுக்களைச் சன்னலில் அம்மா காதை மட்டும் நம்மிடம் கொடுத்துவிட்டுச் சமையல் செய்துகொண்டிருந்தாள்.

“ஞானம், மாமா என்னைத் தேயிலைக் கம்பெனிக்காரன்னு நினைச்சிருக்காரு. நான் அப்படிச் சொன்னதில்ல. எங்க அம்மா சொல்லியிருப்பா. நான் வேலை பாக்குதது பீர் ஆலையில.”

எங்க அப்பா யார் என்று உங்களுக்குத் தெரியும். சபைக் காரியம் பார்க்கிற டீக்கன், மதுவிலக்குச் சங்கத்துக்குக் காரியதரிசி. கள் ஊற்றின ஆப்பம் தின்றவன் அவருடைய பலசரக்குக் கடைக்கு வந்தால்கூட மோப்பம் பிடித்துவிடுவார். சாராயம் என்ற சொல்லையே அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவாள். அப்படிப்பட்ட வீட்டில் நின்றுகொண்டு நான் கேட்டேன்: “நீங்க குடிப்பீங்களா?”

“குடிப்பேன். கொஞ்சம்தான். ருசி பாக்குதது எனக்க வேலையில ஒரு பங்கு.”

அப்போது நான் கோபப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அழுதிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, “அது எப்படி இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். சன்னலில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

உங்க முகம் அப்படியே மலர்ந்துபோச்சு அத்தான். “எந்த பீர்?” என்றீங்க. அதில் வகையும் உண்டா என்று கேட்டேன். “நெல்லில வகை இல்லையா?” என்று சொல்லிவிட்டு, அடுக்களையில் இருந்து வந்த மணத்தைக் கொஞ்ச நேரம் இழுத்தீங்க. “உங்கம்மா தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுக்கா. இன்னும் ஒரு நிமிஷம் கூடுதலா வறுத்தா ஒரு கருத்த மணம் வருமே, கசப்பாகவும் இல்லாம, விடவும் மனசு வராம? அயர்லாந்தில ஒரு கருப்புப் பீர் உண்டு. அது அப்படி இருக்கும். மேல நிக்குத நுரை மட்டும் தேங்காய்ப்பால் போல மெத்துன்னு இருக்கும்.”

பொய் சொல்லி என்னைக் கட்டியிருக்கலாம். இலங்கைக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் அப்படிச் செய்யவில்லை? நீங்க அன்றைக்கே கடைக்குப் போய் அப்பாவிடமும் சொன்னீங்க. அப்பா முதலில் முடியாது என்றார். கடைசியில் அத்தை அழுத அழுகைக்காகச் சம்மதித்தார். குடியை விட வேண்டும், வேலையையும் விட வேண்டும். அதுதான் அவர் போட்ட கட்டளை.

“குடியைக் கல்யாணத்தன்னைக்கே விட்டுடுதேன் மாமா. வேலையை இப்போ விட முடியாது. தம்பிமாரு இன்னும் படிச்சிட்டிருக்காங்க” என்றீங்க. அப்பா அரை மனசோடு ஒத்துக்கொண்டார். சொன்னபடியே செய்தீங்க. அதுக்குப் பிறகு ஆலையில் ருசி பார்க்கும்போது, வாயில் வைத்து, நாக்கெல்லாம் ஓடவிட்டு, துப்பிவிடுவீங்களாமே. ஆலையின் வெள்ளைக்காரத் துரை முதலில் சிரித்தாராம். பிறகு, ‘இவன் விழுங்காமல் இருந்தால் நாக்கு இன்னும் கூர்மையாகுது’ என்று மற்றவர்களிடம் சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது உங்களுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. நான் கண்டேன்.

அந்த மலைநாட்டில் உங்களோடு இருந்த காலம் எனக்குக் கண்ணிலேயே நிற்குது. ஆலைக்குப் பின்னால் நமக்கு ஒரு சின்ன வீடு. காலையில் வாசலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்துவிடும். யுத்த காலத்தில் சீமையில் இருந்து மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்தின பார்லி, கப்பலில் வராமல் போனதால், வட இந்தியாவில் இருந்து பச்சைப் பார்லி வரவழைத்து அங்கேயே முளைகட்டத் தொடங்கியிருந்தார்கள். முளைகட்டுகிற அந்தத் தளத்துக்கு நீங்கதான் மேஸ்திரி.

ஒருநாள் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்று பார்த்தேன். நனைந்த பார்லி தரை முழுவதும் பாய் விரித்ததுபோல் கிடந்தது. நீங்க வெறுங்காலோடு நடந்து, மரச் சட்டுவத்தால் புரட்டிப் புரட்டிப் போட்டீங்க. நடுவில் குனிந்து, குவியலுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சூடு பார்த்தீங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவர்களுக்குக்கூட அவ்வளவு கவனம் இருக்காது. “கொஞ்சம் சூடு ஏறினா முளை ஓடிடும். ஆறினா உறங்கிடும். ரெண்டுக்கும் நடுவில வச்சிருக்கணும் ஞானம்” என்றீங்க. பிசாசின் வேலை என்று சின்ன வயசில் எனக்குச் சொல்லித்தந்தது இதைத்தானா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்குக் கொண்டாட்டம். கொழும்புத் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்காரர்களும், சீமைக்குப் போய்த் திரும்புகிற தோட்டத்துத் துரைமாரும் கொண்டுவந்த பீர்க் குப்பிகளை எல்லாம் உங்க துரை மேசைமேல் வைத்து ருசி பார்க்கக் கூப்பிடுவார். நீங்க வீட்டுக்கு வந்ததும் நான் கடுங்காப்பி போட்டுத் தந்துவிட்டு, “இன்னைக்கு எந்த நாடு?” என்று கேட்பேன். நான் ஒரு சொட்டு தொட்டதில்லை அத்தான். ஆனாலும் உலகத்துப் பீரெல்லாம் எனக்குத் தெரியும்.

பிறகு உங்க நெஞ்சில் மால்ட் தூசி ஏறினது. இருமல் விடவில்லை. இந்தியாக்காரர்கள் அங்கே தங்கியிருப்பதற்குக் கடலாசு வேணும் என்று அலைய வைத்ததும் அந்தச் சமயத்தில்தான். போதும், ஊருக்குப் போகலாம் என்று நாம் புறப்பட்டோம். லில்லி அப்போது என் வயிற்றில்.

புதுக்கடைக்கு வந்ததும் சபையில் கூடினார்கள். குடியை விட்டதாக எல்லார் முன்னாலும் சொல்லு என்றார்கள். சொன்னீங்க. இத்தனை வருஷம் பார்த்தது பிசாசின் வேலை, அதற்காக வெட்கப்படுதேன் என்று சொல்லு என்றார்கள். அதை நீங்க சொல்லவில்லை. கூட்டத்தில் ஒருவர், “என்ன, நாக்கு எழும்பல்லியா?” என்றார்.

“குடி வேண்டாம்னு வாக்கு குடுத்திருக்கேன், அதைக் காப்பேன். குடியால அழிஞ்ச வீடுகளை நானும் பார்த்திருக்கேன்” என்று எழுந்து நின்று சொன்னீங்க. “ஆனா அந்த வேலைதான் எனக்க தம்பிமாரைப் படிக்க வச்சுது. கூட நின்னு வேலை செஞ்சவங்க எனக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி ஊத்தினாங்க. அவங்களைப் பிசாசுன்னு என்னால சொல்ல முடியாது. வெட்கப்பட எனக்கு ஒண்ணும் இல்ல.”

அப்பமும் கிண்ணமும் பகிர்கிற திருவிருந்தில் உங்களுக்குப் பங்கு கிடையாது என்று முடிவு செய்தார்கள். டீக்கன்மார் வரிசையில் என் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து உங்களோடு பேசவும் இல்லை.

அப்படியே வருஷங்கள் போச்சு. ஒரு ஞாயிறு நீங்க கோவிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவீங்க. திருவிருந்து நாளில் அப்பாவே அப்பத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். எனக்கு நீட்டுவார். உங்களைத் தாண்டிப் போவார். வீட்டுக்கு வந்து நான் அப்பாவைத் திட்டினால், “மாமா என்ன செய்வாரு, அவருக்கு அதுதான் சரின்னு படுது” என்று அவருக்காகப் பேசுவீங்க. எப்படி முடிந்தது உங்களால்?

சும்மாவும் நீங்க இருக்கவில்லை. கேப்பையை வாங்கி, ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரத்தி, பார்லிக்குச் செய்த அதே வேலையைத் தொடங்கினீங்க. வீட்டுக்குப் பின்னால் மண்ணால் ஒரு உலை கட்டி, சிரட்டைக் கனலின் சூட்டில் பைய உலர்த்தி, மாவாகத் திரித்தீங்க. அந்த மணம் தெருவுக்கு வந்தால், போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பாலுக்கு வழியில்லாத பிள்ளைகளின் தாய்மார் அந்த மாவைத் தேடி வர ஆரம்பித்தார்கள். லில்லி வளர்ந்ததே அதில்தான். வருகிறவர்கள் எல்லாரிடமும், பீர் ஆலையில் படித்த வேலை என்று நீங்களே சொல்லுவீங்க. அதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனவர்களும் உண்டு.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு டைபாய்டு வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கின பிறகும் அப்பா எழும்பவில்லை. கட்டியான கஞ்சி கொடுத்தால் விழுங்கத் திராணி இல்லை. தண்ணியான கஞ்சியில் சத்து இல்லை. கை ரெண்டும் முருங்கைக்காய்போல ஆகிவிட்டது. அம்மா வராந்தாவில் உட்கார்ந்து ஜெபம் செய்தபடியே இருந்தாள்.

நீங்க மாவோடு வந்தீங்க. முதலில் டாக்டரிடம் காட்டி, என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னீங்க. அவர் விரலில் தொட்டு ருசி பார்த்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். கட்டியான அரிசிக் கஞ்சி இளஞ்சூடாக இருக்கும்போது அந்த மாவில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினீங்க. கரண்டி நட்டமாக நிற்கிற கஞ்சி, எங்க கண் முன்னாலேயே இளகிப் பாலைப்போல ஓட ஆரம்பித்தது. ஒரு துளி தண்ணீர் சேர்க்கவில்லை. அரிசி அத்தனையும் அதிலேயே இருந்தது.

அப்பா உங்க கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களிடம் அவர் பேசின முதல் வார்த்தை, “இது என்னது?”

எனக்கு உயிரே போச்சு. கஞ்சி மாமா என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? அதுவும் பொய் இல்லையே?

“கேப்பையை முளைகட்டிப் பொடிச்சது, மாமா. அங்க பீருக்குச் செய்யுத அதே வேலைதான். அங்க இதுக்குப் பிறகு காய்ச்சி, ஈஸ்ட் போட்டு நுரைக்க விடுவாங்க. நான் பாதி வழியில நிறுத்திட்டேன். இதில போதை கிடையாது. வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிடுதேன்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள். பிறகு அப்பா கண்ணைத் திறந்து, “ஆறிப்போகுமுன்னே தா” என்றார்.

நீங்க ஊட்டினீங்க. கிண்ணம் காலியாச்சு.

அதன்பிறகு தினமும் போனீங்க. உடம்பு தேறத் தேற அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு மத்தியானம், நான் ஆரஞ்சுத் தோல் உரித்துக்கொண்டிருக்கும்போது, கூரையைப் பார்த்தபடியே கேட்டார்: “அங்க என்னெல்லாம் உண்டு?”

“எங்க மாமா?”

“அந்த ஆலையிலதான். சும்மா இருக்கியே, சொல்லேன். கேக்குததுல தப்பு இல்லியே?”

மதுவிலக்குச் சங்கத்துக் காரியதரிசிக்கு, நெய்யூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து, நீங்க உலகத்துப் பீர்க் கதையைச் சொன்னீங்க அத்தான். அடுத்த கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த மயிலாடிக் கல்தச்சர் கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

பொகேமியா நாட்டில் பொன் நிறத்தில் ஒரு பீர் உண்டு, அறுப்பு முடிந்து வெயிலில் காய்கிற புது வைக்கோலின் மணம், கடைசியில் வேப்பம்பூ போல ஒரு கசப்பு என்றீங்க. இங்கிலாந்தில் குளிர வைக்காமலே குடிப்பார்கள், ஆறின கடுங்காப்பியில் கருப்பட்டி கொஞ்சம் குறைந்ததுபோல இருக்கும் என்றீங்க. ஜெர்மனியில் கோதுமையில் செய்கிற ஒன்று கலங்கலாக இருக்கும், மட்டி வாழைப்பழத்தையும் கிராம்பையும் சேர்த்துக் கசக்கின மணம் வரும் என்றீங்க. “மட்டிப்பழம் போடுவாங்களோ?” என்று அப்பா கேட்டார். “போடமாட்டாங்க மாமா. அந்த ஈஸ்ட் தானா அப்படி மணக்கும்.” அப்பா இதை நம்பவே இல்லை.

“பெல்ஜியத்தில மடத்துச் சாமியாருமாரே காய்ச்சுதாங்க” என்றீங்க.

“ரோமன் சபைக்காரங்களா?”

“ஆமா மாமா.”

“அதான் பாத்தேன்” என்றார் அப்பா. மயிலாடிக்காரர் சிரித்த சிரிப்பில் நர்சம்மா ஓடி வந்தாள்.

அதே நாட்டில் ஈஸ்டே போடாமல், காற்றில் வருவதே போதும் என்று திறந்து வைத்துவிடுவார்களாம். பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்குமாம். “புளிச்ச பழங்கஞ்சியில நெல்லிக்காயைக் கடிச்சதுபோல” என்றீங்க. ஜப்பானில் அரிசியும் சேர்ப்பார்கள் என்றதும், அப்பாவின் முகத்தில் ஒரு ஆவல். “நம்ம நாஞ்சில்நாட்டு அரிசி அதுக்கு ஆகுமா?” என்று கேட்டுவிட்டு, யாரும் கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தார்.

நீங்க சிரிக்கவில்லை. “நல்லா ஆகும் மாமா” என்று மரியாதையாகச் சொன்னீங்க.

அன்றைக்கு நாம் புறப்படும்போது அப்பா உங்க கையைப் பிடித்து நிறுத்தினார். “இத்தனையும் ருசி கண்டவன், எனக்கு குடுத்த வாக்குக்காகவா நாக்கைக் கட்டிப்போட்டிருக்க?”

“கட்டிப்போடல்ல மாமா. எல்லாம் ஞாபகத்தில இருக்கு. அதுவே தாராளம்.”

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு, சபைக் கூட்டத்தில் அப்பா பேசினதை நீங்க கேட்கவில்லை. நீங்க அப்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தீங்க. நான் கேட்டேன். “குடியை விடச் சொன்னோம், விட்டுட்டான். தான் சாப்பிட்ட சோத்தைப் பழிக்கச் சொன்னோம், மாட்டேன்னுட்டான். இதில முதலாவது மட்டும்தான் நாம கேட்டிருக்க வேண்டியது” என்றார். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள், இதைப் படிக்கவும் செய்வார்கள். ஆனால் போதகர் ஐயா அப்பாவின் பக்கம் நின்றார்.

அடுத்த திருவிருந்தில் அப்பா தட்டோடு கடைசி பெஞ்சுக்கு வந்தார். எனக்கு நீட்டினார். உங்க முன்னால் நின்றார். தட்டை உங்களுக்கும் நீட்டினார். நீங்க அப்பம் எடுத்தீங்க. பிறகு கிண்ணம் வந்தது. நம்ம சபையில் பிழிந்த திராட்சைச் சாறுதானே. நீங்க குடித்துவிட்டு என் காதில், “பழத்துக்கு இன்னும் கொஞ்சம் வெயில் கிடைச்சிருக்கணும்” என்றீங்க. கோவில் என்றும் பாராமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

நெஞ்சு உங்களை விடவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் இருமல் முற்றினது. கடைசி வாரத்திலும் உலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சூடு கூடுதல், கனலைக் கொஞ்சம் தள்ளு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தீங்க. அடக்கத்தில் அப்பா ஜெபம் செய்ய எழும்பினார். அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

இப்போ ஒரு செய்தி. போன மாசம் நாகர்கோவில் வியாபாரி ஒருத்தர் அப்பாவின் கடைக்கு வந்தார். நான் இப்போ செய்கிற மாவை டப்பாவில் அடைத்து ஊரெல்லாம் விற்கலாம் என்றார். எனக்குச் சந்தோஷம். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு காரியம் உண்டு கேட்டீங்களா? உங்க வீட்டுக்காரர் பீர் ஆலையில படிச்ச வேலைன்னு மட்டும் வெளியில சொல்லாதீங்க. இப்போ நாம மதுவிலக்கு ராஜ்ஜியம். இலங்கையில ஒரு வைத்தியருகிட்ட படிச்சாருன்னு சொல்லுவோம். யாருக்கு நஷ்டம்?” என்றார்.

“எனக்கு நஷ்டம்” என்றேன். “அப்படின்னா வேண்டாம்.”

அப்பா கடைக்குள் இருந்து எட்டிப் பார்த்து, “அவ சொன்னதுதான்” என்றார். வியாபாரி குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போன வாரம் திரும்பி வந்தார். அவருடைய பேரப்பிள்ளைக்கு இந்த மாவு பிடித்துப்போச்சாம். “உள்ளதை உள்ளபடியே சொல்லிக்குங்கம்மா” என்றார்.

சொல்லுவேன் அத்தான். லில்லிக்கும் சொல்லுவேன், அவள் பள்ளிக்கூடத்தில் கேட்டால் அவளும் சொல்லுவா. டப்பா எந்த ஊருக்குப் போனாலும், யார் எப்படி முகம் சுளித்தாலும், இது எனக்க அத்தான் பீர் ஆலையில் நின்று, வெறுங்காலோடு நடந்து படித்த வேலை என்று நிமிர்ந்து நின்று சொல்லுவேன். என் மூச்சு இருக்கிற வரைக்கும் இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

உங்க மாமன் மகளும்,
உங்க லில்லிக்கு அம்மாவுமான
ஞானபாய்